உங்கள் என்எஃப்எல் அணியின் டிராஃப்டை நீங்களே எடைபோட

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-ன் டிராஃப்ட், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் தேர்வு, ஏப்ரல் கடைசியில் மூன்று நாட்கள். வியாழன் இரவு முதல் சுற்று, வெள்ளியன்று இரண்டும் மூன்றும், சனிக்கிழமை நான்கிலிருந்து ஏழு வரை. 32 அணிகள் சேர்ந்து 250-க்கும் மேற்பட்ட கல்லூரி வீரர்களை எடுத்து முடித்த சில மணி நேரத்திலேயே ஒவ்வோர் அணிக்கும் ஏ, பி, சி என்று தரம் வெளியாகிவிடும். அந்தத் தரங்களை நம்பி மகிழவும் வேண்டாம், மனம் உடையவும் வேண்டாம். 2012-ல் சியாட்டில் சீஹாக்ஸ் 15-வது பிக்கில் (வீரரை எடுக்கும் முறை) புரூஸ் இர்வினையும், 47-ல் பாபி வாக்னரையும், 75-ல் ரசல் வில்சனையும் எடுத்தபோது பலர் கடைசி வரிசைத் தரம்தான் கொடுத்தார்கள். 2014 பிப்ரவரியில் அதே அணி சூப்பர் பவுலை, அதாவது லீக்கின் இறுதி ஆட்டத்தை வென்றது.

அப்படியானால் ரசிகர் எதுவுமே சொல்லாமல் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? தேவையில்லை. எடுத்த முடிவு சரியா என்பதை அன்றைக்கே எடைபோடலாம். வந்த பலன் என்ன என்பதற்குத்தான் காத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே கணக்கில் கலப்பதால்தான் பெரும்பாலான வாதங்கள் கெட்டுப்போகின்றன. நல்ல முடிவு முழங்கால் காயத்தால் வீணாகலாம், மோசமான முடிவு அதிர்ஷ்டத்தால் தப்பிக்கலாம். ஆகவே ஒரு விரிதாளில் இரண்டு பக்கம் திறந்துகொள்ளுங்கள்: ஒன்று முடிவுக்கு, ஒன்று பலனுக்கு.

மார்ச் மாத வேலை

முதலில் உங்கள் அணியின் ஒப்பந்தங்களைப் பாருங்கள். 53 பேர் கொண்ட அணியில் யாருடைய ஒப்பந்தம் இந்த ஆண்டு முடிகிறது, யாருடையது அடுத்த ஆண்டு முடிகிறது என்று இடவாரியாக, அதாவது களத்தில் ஆடும் பொறுப்பு வாரியாக, எழுதுங்கள். ஸ்போட்ராக், ஓவர் தி கேப் ஆகிய தளங்களில் இது இலவசமாகக் கிடைக்கும். "நமக்கு இந்த இடத்தில்தான் ஆளே இருக்கிறாரே, எதற்கு இன்னொருவர்?" என்ற புலம்பலில் பாதி இந்த ஒரு வேலையைச் செய்யாததால் வருவது. டிராஃப்ட் அடுத்த ஆண்டுக்கும் அதற்கடுத்த ஆண்டுக்குமானது. இந்த செப்டம்பரின் ஓட்டையை அடைப்பது மார்ச் மாத ஃப்ரீ ஏஜென்சியின் (ஒப்பந்தம் முடிந்த வீரர்களை வாங்கும் சந்தை) வேலை. தற்போதைய லெஃப்ட் டேக்கிளுக்கு (தடுப்பு வரிசையின் இடது ஓரத்தில் நிற்பவர்) வயது 32, ஒப்பந்தம் ஓராண்டுதான் மிச்சம் என்றால், அங்கே இப்போதே தேவை இருக்கிறது.

அடுத்தது, வீரர் வரிசை. ஒரே நிபுணரின் பட்டியலை வேதமாகக் கொள்ளாதீர்கள். பலருடைய பட்டியல்களைத் தொகுத்துச் சராசரி எடுக்கும் பொதுப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் வெளியாகிறது. தனித்தனிப் பட்டியல்களைவிட அது நிதானமானது. அதில் முதல் 150 பெயர்களை உங்கள் தாளில் இறக்கிக்கொள்ளுங்கள். மாக் டிராஃப்டுகளை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். மாக் டிராஃப்ட் என்பது யார் எங்கே போவார் என்ற ஊகம். உங்களுக்கு வேண்டியது யார் எவ்வளவு தகுதியானவர் என்ற வரிசை.

முடிவுப் பக்கத்தில் இந்தப் பத்திகள் போதும்: பிக் எண், பெயர், இடம், செப்டம்பர் 1 அன்று வயது, பொதுப் பட்டியலில் எத்தனையாவது, பிக்கின் புள்ளி மதிப்பு, ட்ரேட் (வேறு அணியோடு பிக் பரிமாற்றம்) செய்திருந்தால் கொடுத்தது என்ன, அந்த இடத்தில் இப்போது ஆடுபவரின் ஒப்பந்த முடிவு, கடைசியாக உங்கள் கருத்து ஒரு வரியில். அந்த ஒரு வரியை அன்றிரவே எழுதித் தேதி போட்டுவிடுங்கள், பிறகு கை வைக்காதீர்கள். மூன்று வருடம் கழித்து "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லத் தோன்றும்போது அந்த வரிதான் சாட்சி.

வயதுப் பத்தி முக்கியம். 24 வயதுக்காரர் 19 வயதுப் பையன்களுக்கு எதிராகக் குவித்த கல்லூரிப் புள்ளிவிவரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருடைய முதல் ஒப்பந்தம் முடியும்போது வயது 28 ஆகிவிடும். 2012-ல் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் 22-வது பிக்கில் எடுத்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) பிராண்டன் வீடனுக்கு அப்போதே 28 வயது.

ஆட்டத்தைப் பார்ப்பது

முத்திரைத் தருணங்களைத் தொகுத்த காணொளியைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அதில் எல்லாருமே மகத்தான வீரர்கள். ஒரு வீரருக்கு மூன்று முழு ஆட்டங்கள் பாருங்கள். அவற்றில் ஒன்றாவது வலிமையான எதிரணிக்கு எதிரானதாகவும், ஒன்றாவது அவர் தடுமாறியதாகவும் இருக்கட்டும். சிறிய கல்லூரி வீரர் என்றால், அலபாமாவின் மொபீல் நகரில் கல்லூரி வீரர்களுக்காக நடக்கும் சீனியர் பவுல் ஆட்டத்தின் பயிற்சிகளில் ஒருவருக்கு ஒருவர் மோதும் காட்சிகள் இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கேதான் அவர் பெரிய கல்லூரி ஆட்களை எதிர்கொள்வார்.

எதைப் பார்ப்பது என்பது இடத்துக்கு இடம் மாறும்:

- எட்ஜ் ரஷ்ஷர் (ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவர்): சாக் (பந்தை எறியும் முன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) எண்ணிக்கையைவிட, எத்தனை முறை குவார்ட்டர்பேக்கை நெருக்கினார் என்பதை எண்ணுங்கள். சாக் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும், நெருக்குதல் அவ்வளவு ஆடாது.
- ஒஃபென்சிவ் டேக்கிள்: பந்தை மறந்து கால்களை மட்டும் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது அடியில் கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் என்எஃப்எல்-ல் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடுவார்கள். கை நீளம் 33 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் அணிகள் பெரும்பாலும் அவரை கார்டாகத்தான் (டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்கும் தடுப்பாளர்) யோசிக்கும்.
- வைட் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்): மொத்த யார்டு ஏமாற்றும். ஓடிய ஒவ்வொரு ரூட்டுக்கும் (பந்துக்காக ஓடும் திட்டமிட்ட பாதை) எத்தனை யார்டு என்று பாருங்கள். முகத்துக்கு நேரே கார்னர்பேக் (ரிசீவரைக் காவல் காப்பவர்) நின்று கைவைத்து மறிக்கும்போது எப்படி விடுபடுகிறார் என்பதையும் கவனியுங்கள்.
- ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடுபவர்): மோதலுக்குப் பிறகு கிடைத்த யார்டு. கூடவே, பிளிட்ஸ் வரும் (குவார்ட்டர்பேக் மீது கூடுதலாகப் பாயும்) ஆளைத் தடுக்கத் தெரிகிறதா என்பது. தடுக்கத் தெரியாதவர், பந்தை எறிய வேண்டியிருக்கும் மூன்றாவது டவுனில் (மூன்றாவது முயற்சி) பெஞ்சில்தான்.

குவார்ட்டர்பேக்குக்குத் தனிக் கவனம் வேண்டும். நெருக்கடி வரும்போது எத்தனை முறை சாக் வாங்கிக்கொள்கிறார் என்ற விகிதத்தைப் பாருங்கள். அந்தப் பழக்கம் கல்லூரியிலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குக் கூடவே வரும். முதல்நிலை வீரராக ஆட்டத்தைத் தொடங்கிய அனுபவத்தையும் எண்ணுங்கள். 2017-ல் இரண்டாவது பிக்கில் போன மிட்செல் ட்ரூபிஸ்கி நார்த் கரோலினாவில் தொடங்கியது 13 ஆட்டங்கள்தான். இன்னொரு நுணுக்கம்: கல்லூரி மைதானத்தில் ஹாஷ் கோடுகளுக்கிடையே (ஒவ்வோர் ஆட்டமும் தொடங்கும் பகுதியின் இரு எல்லைகள்) 40 அடி, என்எஃப்எல்-ல் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் ஒரு பக்கம் விசாலமான வெளி கிடைப்பதால் சில எறிதல்கள் எளிதாகத் தெரியும், சில வழக்கத்தைவிட நீளமாகும். அதையும் மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடல்திறன் சோதனையான இண்டியானாபொலிஸ் கம்பைனின் எண்களை ஒரு வாசல் தடையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எடையோடும் இடத்தோடும் சேர்த்துப் பார்க்காத 40 யார்டு நேரத்துக்கு அர்த்தம் இல்லை. லைன்மேனுக்கு முதல் 10 யார்டு நேரமே போதும். 2017-ல் 4.22 வினாடியில் ஓடிச் சாதனை படைத்த ஜான் ராஸை சின்சினாட்டி 9-வது பிக்கில் எடுத்தது. கல்லூரியிலேயே முழங்கால் அறுவை சிகிச்சை கண்டவர். முதல் சீசனில் ஒரு கேட்ச்கூட இல்லை. மருத்துவ அறிக்கைகள் அணிகளிடம்தான் இருக்கும், ரசிகருக்குக் கிடைக்காது. ஆகவே ஒரு நல்ல வீரர் காரணமில்லாமல் 40 இடம் சரிந்து உங்கள் அணியிடம் வந்தால், "கொள்ளை லாபம்" என்று குதிப்பதற்கு முன் அவருடைய காய வரலாற்றைத் தேடிப் பாருங்கள்.

என்ன விலை கொடுத்தார்கள்

ஐபிஎல் ஏலத்தில் பணம்தான் விலை. இங்கே விலை என்பது பிக். அதை அளக்கப் பழைய கருவி ஜிம்மி ஜான்சன் அட்டவணை, 1990-களின் தொடக்கத்தில் அவர் பயிற்சியாளராக இருந்த டாலஸ் கவ்பாய்ஸ் உருவாக்கியது. முதல் பிக் 3000 புள்ளி, இரண்டாவது 2600, மூன்றாவது 2200, 10-வது 1300, 16-வது 1000, 32-வது 590, 64-வது 270, 100-வது 100.

இதை வைத்து இரண்டு வேலை செய்யலாம். முதலாவது, ஓர் ஆளை அவசரப்பட்டு முன்கூட்டியே எடுத்தார்களா என்று பார்ப்பது. பட்டியல் வரிசையையும் பிக் எண்ணையும் நேரடியாகக் கழிக்காதீர்கள், புள்ளிகளாக மாற்றிக் கழியுங்கள். 30-வது இடத்துக்காரரை 10-ல் எடுத்தால் இழப்பு 680 புள்ளி. 170-வது இடத்துக்காரரை 150-ல் எடுத்தால் இழப்பு 10 புள்ளிக்கும் கீழே. இரண்டுமே 20 இடம்தான். ஆனால் சனிக்கிழமை பிக்குகளுக்காக ஆத்திரப்படுவது வீண். அந்தச் சுற்றுகளில் பட்டியல்களே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

இரண்டாவது வேலை, ட்ரேடை எடைபோடுவது. 2023-ல் டெட்ராய்ட் லயன்ஸ் 6-வது பிக்கையும் 81-ஐயும் அரிசோனாவுக்குக் கொடுத்து 12, 34, 168 ஆகியவற்றை வாங்கியது. கொடுத்தது 1600 + 185 = 1785. வாங்கியது 1200 + 560 + இருபது சொச்சம், அதுவும் ஏறக்குறைய 1785. தராசு நேராக நிற்கிறது.

அடுத்த ஆண்டு பிக்கைக் கொடுத்தால் ஒரு சுற்று இறக்கிக் கணக்கிடுவது வழக்கம். முதல் சுற்று பிக்கை இரண்டாம் சுற்றின் நடுப் பிக்காக, சுமார் 420 புள்ளியாகக் கொள்வார்கள். 2017-ல் கான்சஸ் சிட்டி 27 (680), 91 (136), 2018-ன் முதல் சுற்று ஆகியவற்றை பஃபலோவுக்குக் கொடுத்து 10-வது இடத்துக்கு (1300) ஏறி பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. 680 + 136 + 420 = 1236. அட்டவணைப்படிகூட அதிகம் கொடுக்கவில்லை. அதே நாளில் சிகாகோ பேர்ஸ் ட்ரூபிஸ்கிக்காக மூன்றிலிருந்து இரண்டுக்கு ஏற 3 (2200), 67 (255), 111 (72), அடுத்த ஆண்டின் மூன்றாம் சுற்று ஆகியவற்றைக் கொடுத்தது. அதையும் கூட்டினால் 2600-ஐத் தொட்டுவிடும். அட்டவணை சொல்வது பரிமாற்றம் நியாயமா என்பதை மட்டும்தான். அந்த ஆளுக்காக ஏறத்தான் வேண்டுமா என்று அது சொல்லாது.

அங்கேதான் கேட் மாசியும் ரிச்சர்ட் தேலரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு கைகொடுக்கிறது. ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர், அடுத்ததாக எடுக்கப்பட்டவரைவிட நன்றாக அமையும் வாய்ப்பு 52 சதவீதம்தான் என்று அவர்கள் கண்டார்கள். நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல். மேல்வரிசைப் பிக்குகளுக்கு அணிகள் மிதமிஞ்சி விலை கொடுக்கின்றன என்பதே அவர்களின் முடிவு. புதிய அட்டவணைகள் பின்வரிசைப் பிக்குகளுக்கு இன்னும் கூடுதல் மதிப்புத் தருவதற்கும் அதுவே அடிப்படை. ஆகவே கீழே இறங்கிக் கூடுதல் பிக் வாங்கும் அணியைக் கோழை என்று திட்டாதீர்கள். மேலே ஏறும் அணியிடம் கேட்க வேண்டியது: போவது குவார்ட்டர்பேக்குக்காகவா? இல்லையென்றால் சந்தேகத்தோடு பாருங்கள்.

எதிர்கால முதல் சுற்றுப் பிக்கைக் கொடுப்பதில் இன்னோர் ஆபத்து. குவார்ட்டர்பேக் சொதப்பினால் அணி தோற்கும், அணி தோற்றால் கொடுத்த பிக் மேலே ஏறும். 2023-ல் கரோலினா பாந்தர்ஸ் முதல் பிக்குக்காக (பிரைஸ் யங்) சிகாகோவுக்குக் கொடுத்தது 9, 61, 2024-ன் முதல் சுற்று, 2025-ன் இரண்டாம் சுற்று, கூடவே ரிசீவர் டி.ஜே. மூர். அந்த 2024 பிக் கடைசியில் முதல் பிக்காகவே வந்து நின்றது. சிகாகோ அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்தது.

விலையின் மறுபாதி சம்பளம். 2011-ல் வந்த ஊதிய விதிப்படி டிராஃப்ட் வீரரின் நான்காண்டுச் சம்பளத்தை, அவர் எங்கே ஆடுகிறார் என்பதல்ல, பிக் எண்தான் தீர்மானிக்கிறது. குவார்ட்டர்பேக்கும் கார்டும் ஒரே பிக்கில் போனால் ஒரே கூலி. வெளிச்சந்தையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2024-ல் டேக் பிரெஸ்காட்டின் புதிய ஒப்பந்தம் ஆண்டுக்கு 60 மில்லியன் டாலர். முதல் பிக்கில் வந்த கேலப் வில்லியம்ஸுக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்தே 40 மில்லியனுக்குள். இந்த மிச்சப் பணம்தான் டிராஃப்டின் உண்மையான லாபம். அதனால் குவார்ட்டர்பேக், எட்ஜ், டேக்கிள், ரிசீவர், கார்னர்பேக் ஆகிய ஐந்தும் மேல்வரிசைக்கு உரியவை. ரன்னிங் பேக், தற்காப்பின் நடுவில் நிற்கும் உள் லைன்பேக்கர், பின்னால் நிற்கும் சேஃப்டி போன்றவர்களை நியாயமான விலைக்குச் சந்தையில் வாங்கலாம்.

சேக்வான் பார்க்லி இதற்குத் தெளிவான உதாரணம். 2018-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் இரண்டாவது பிக்கில் எடுத்தது, ஆண்டுக்கு ஏறக்குறைய 8 மில்லியன். 2024-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் பிக் எதுவும் செலவழிக்காமல் ஆண்டுக்கு சுமார் 12.5 மில்லியனுக்கு அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த சீசனில் 2005 யார்டு ஓடினார், அணி சூப்பர் பவுலை வென்றது. ஜயன்ட்ஸ் எடுத்த வீரரில் குறை இல்லை. அவ்வளவு உயர்ந்த பிக்கை அந்த இடத்தில் செலவழித்ததுதான் கேள்வி.

இருந்தாலும் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்காதீர்கள். மேலே சொன்ன 2023 டெட்ராய்ட், அந்த 12-ல் ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸையும், 18-ல் லைன்பேக்கர் ஜாக் கேம்ப்பெலையும் எடுத்து வசவு வாங்கியது. 34-ல் டைட் எண்ட் சாம் லபோர்ட்டா, 45-ல் பிரையன் பிராஞ்ச். நால்வருமே அணியின் தூண்களானார்கள். இட மதிப்பு ஒரு தள்ளுபடிதான், தடையுத்தரவு அல்ல. இடத்துக்காக முடிவுப் பக்கத்தில் கொஞ்சம் கழியுங்கள், வீரரையே அழித்துவிடாதீர்கள்.

பலனுக்குக் காத்திருக்கும் வருடங்கள்

முதல் ஆண்டு முடிவில் ஸ்நாப் விகிதத்தை (பந்து ஆட்டத்துக்கு வந்த முறைகளில் எத்தனை பங்கு அவர் களத்தில் இருந்தார் என்பது) மட்டும் எழுதுங்கள். புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஆட்டவாரியாக இருக்கிறது. வேறு எந்தத் தீர்ப்பும் வேண்டாம். மஹோம்ஸ் முதல் ஆண்டில் ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் தொடங்கினார். கிரீன் பே 2020-ல் 26-வது பிக்கில் எடுத்த ஜோர்டன் லவ் மூன்று வருடம் காத்திருந்து 2023-ல்தான் முதல்நிலை குவார்ட்டர்பேக் ஆனார்.

இரண்டாம் ஆண்டில் எதிர்பார்ப்பை வைக்கலாம். முதல் சுற்று வீரர், காயம் இல்லாத நிலையில், தன் பக்கத்து ஸ்நாப்களில் மூன்றில் இரண்டு பங்காவது ஆட வேண்டும். இரண்டு, மூன்றாம் சுற்று வீரர் பாதியை நெருங்க வேண்டும். நான்காம் சுற்றுக்குப் பிறகு வந்தவர் அணியில் நிலைத்து, சிறப்பு அணிகளில் (பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கு இறங்குபவை) ஆடினாலே அந்தப் பிக் செலவுக்கு ஈடு. இவை நடைமுறை அளவுகோல்கள். உங்கள் அணி எட்ஜ் ரஷ்ஷர்களைச் சுழற்சியில் ஆடவிடும் என்றால் சதவீதத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் மாறினாரா என்பதையும் குறிக்க மறக்காதீர்கள். நேர்க்கோட்டில் இடித்துத் தள்ளுவதற்காக எடுத்த கனமான கார்டை, பக்கவாட்டில் ஓடவைக்கும் ஸோன் முறைக்கு மாற்றினால் அவர் தடுமாறுவது இயல்பு. அந்தத் தோல்வி முழுவதும் வீரருடையது அல்ல.

மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு அணியே தன் தீர்ப்பை வெளியிடும். முதல் சுற்று வீரரின் ஐந்தாம் ஆண்டு உரிமையை (நான்காண்டு ஒப்பந்தத்தோடு இன்னோர் ஆண்டு சேர்க்கும் வாய்ப்பு) பயன்படுத்தி ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்று மே மாதத் தொடக்கத்துக்குள் சொல்லியாக வேண்டும். நீட்டித்தால் அந்தச் சம்பளம் முழு உத்தரவாதம். மறுத்தால், நிர்வாகமே தன் பிக்கை முழுதாக நம்பவில்லை என்று பொருள். அதன்பின் இரண்டாவது ஒப்பந்தம்: சொந்த அணி கொடுத்ததா, வெளியார் கொடுத்தாரா, யாருமே கொடுக்கவில்லையா. பத்திரிகையாளர் தரங்கள் எல்லாவற்றையும்விட இந்த மூன்று பதில்கள் உறுதியானவை.

ஒப்பிடும்போது நேர்மை வேண்டும். "டாம் பிரேடி 199-வது பிக் வரை இருந்தார், யாரும் எடுக்கவில்லை" என்று 2000-ன் எல்லா அணிகளையும் குற்றம் சொல்வதில் பயனில்லை. நியூ இங்கிலாந்தும் அவரை ஐந்து சுற்று தாண்ட விட்டது. சரியான ஒப்பீடு சிறியது: உங்கள் அணி எடுத்த பிக்கிலிருந்து அதே அணியின் அடுத்த பிக் வரைக்கும், அதே இடத்தில் ஆடும் யார் யார் போனார்கள்? அந்தக் கூட்டத்தோடு மட்டும் பொருத்துங்கள். ஓர் ஆண்டை வைத்து பொது மேலாளரைப் போற்றவும் வேண்டாம், தூற்றவும் வேண்டாம். குறைந்தது நான்கு டிராஃப்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக, போனவர் விட்டுச் சென்றதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரிய ஒப்பந்தத்துக்கு வெளியேறும் ஃப்ரீ ஏஜென்ட்டுக்கு ஈடாக, அடுத்த ஆண்டு அதிகபட்சம் மூன்றாம் சுற்றின் இறுதியில் ஓர் ஈட்டுப் பிக் கிடைக்கலாம். அந்த ஆண்டு அணி வெளியிலிருந்து வாங்கியவர்கள் அதை ரத்தும் செய்துவிடலாம். 2012-ல் வாஷிங்டன் மூன்று முதல் சுற்றும் ஓர் இரண்டாம் சுற்றும் கொடுத்து இரண்டாவது பிக்கில் ராபர்ட் கிரிஃபினை எடுத்தது. அதே டிராஃப்டில் 102-வது பிக்கில் கர்க் கசின்ஸையும் எடுத்தது. 2015 முதல் 2017 வரை முதல்நிலை குவார்ட்டர்பேக்காக நின்றவர் கசின்ஸ். 2018-ல் அவர் மினசோட்டாவுக்குப் போனபோது, அடுத்த ஆண்டு 96-வது பிக் வாஷிங்டனுக்கு ஈடாக வந்தது. எடுத்த இடத்தைவிட ஆறு இடம் மேலே. உங்கள் தாளில் 2012-ன் வரிசையில் அந்த 96-க்கும் ஒரு கட்டம் இருக்க வேண்டும்.